பொக்கெரினியின் குவார்ட்டெட்டுகளை வாசிக்கும்போது நேரும் தவறுகள்

பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் லூயிஜி பொக்கெரினியின் புகழ்பெற்ற மினுவெட்டை (ஒரு நடன இசை) நம்பி அவருடைய குவார்ட்டெட் (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ வாசிக்கும் இசை) தொகுப்பை வாங்கிவிடாதீர்கள். 1771இல் எழுதிய ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 11, எண் 5 குவின்டெட்டில்தான், அதாவது ஐந்து கருவிகளுக்கான இசையில்தான், அது வருகிறது. வாசிக்க இரண்டு செல்லோ வேண்டும்.

ஓபஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதும் ஆபத்து. 1761இல் எழுதி, தம் பட்டியலில் அவர் ஓபஸ் 2 என்று குறித்த ஆறு குவார்ட்டெட்டுகளை 1767இல் பாரிஸ் பதிப்பாளர் ஓபஸ் 1 என்று வெளியிட்டார். பொக்கெரினியின் படைப்புகளுக்கு ஈவ் ஜெரார் என்ற ஆய்வாளர் தொகுத்த பட்டியலின் ஜி எண்ணைக் கேளுங்கள்; இவற்றுக்கு அது 159 முதல் 164 வரை.

வாசிப்பில் பெரிய சிக்கல் வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரலுள்ள வியோலாவில்தான். பொக்கெரினி தேர்ந்த செல்லோ கலைஞர். அடிக்குரலிலிருந்து செல்லோவை மேலே ஏற்றி, மெட்டை அதனிடமே கொடுத்துவிடுவார். அப்போது அடிக்குரல் பெரும்பாலும் வியோலாவின் பொறுப்பாகிறது. வியோலாக்காரர் அதை வெறும் நடுக்குரலாக எண்ணி ஒதுங்கினால் இசை அடித்தளம் இல்லாமல் தொங்கும். உயரத்தில் இருக்கும் செல்லோவுக்கும் சுருதி பிடிக்க எதுவும் இருக்காது. எனவே அந்த இடங்களைப் பென்சிலால் குறித்து, முதலில் வியோலாவும் செல்லோவும் மட்டும் மெதுவாக வாசிக்கட்டும். பிறகு வயலின்கள் சேரலாம். அக்காலப் பதிப்புகளில் செல்லோவுக்கு ட்ரெபிள் க்ளெஃப் (உயர்ந்த சுரங்களுக்கான குறியீடு) வந்தால், அது ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே ஒலிக்க வேண்டியதாகவும் இருக்கலாம். செல்லோ காரணமில்லாமல் முதல் வயலினுக்கு மேலே போனால் இதைச் சரிபாருங்கள்.

‘டோல்சே’ (இனிமையாக), ‘சோவாவே’ (மென்மையாக) போன்ற குறிப்புகளை அலங்காரமாக நினைத்துக் கடந்துபோவது வருத்தமான தவறு. அங்கே வில்லின் அழுத்தத்தைக் குறைத்து, விரல்பலகைப் பக்கம் நகர்த்துங்கள். எல்லாவற்றையும் நடுத்தர ஓசையில் வாசித்தால், ஒரே சொற்றொடர் இரண்டாம் முறை வரும்போது அலுப்புத் தட்டும். உடனே பலரும் வேகத்தைக் கூட்டுகிறார்கள். அது தீர்வல்ல, ஒலியின் நிறம் மாற வேண்டிய இடம் அது. அதே காலத்து இசையமைப்பாளர் ஹைடன் ஒரு கருவை வளர்த்து வாதிடுவதுபோல இவரும் செய்வார் என்று எதிர்பார்த்தால், இவருடைய அழகு முழுவதும் கைநழுவிவிடும்.

இரண்டே பகுதிகளோடு முடியும் குவார்ட்டெட்டைக் குறைப்பிரதி என்று எண்ண வேண்டாம். ‘ஓபெரா பிக்கோலா’ (சிறிய படைப்பு) என்று அவரே வகைப்படுத்திய சிறு வடிவம் அது. ஓபஸ் 44, எண் 4 ‘லா திரானா’ நல்ல எடுத்துக்காட்டு. நிகழ்ச்சியில் வேறு படைப்பின் பகுதியை அதோடு ஒட்டாமல் அப்படியே வாசியுங்கள்.