மூலத்தை மிஞ்சும் கவர் பாடலை உருவாக்குவது எப்படி?

புகழ்பெற்ற ஒரு பாப் பாடலை மீண்டும் பாடிப் பதிவுசெய்ய (அதுவே ‘கவர்’) முனைபவர்களில் பலர் தங்களுக்கு மிகவும் பிடித்த பாடலையே முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மிகவும் பிடித்த பாடல் என்பது பெரும்பாலும் எல்லாம் கச்சிதமாகக் கூடிவந்துவிட்ட பாடல். இன்னொருவர் நுழைய அதில் இடம் இருக்காது. மெட்டும் வரிகளும் வலுவாக இருந்தும், பதிவில் ஏதோ ஒன்று சொல்லப்படாமல் நின்றுவிட்ட பாடலைத்தான் தேட வேண்டும். பாப் டிலன் 1967 இறுதியில் வெளியிட்ட ‘ஆல் அலாங் த வாட்ச்டவர்’ அத்தகையது. அக்கூஸ்டிக் கிட்டார், ஹார்மோனிகா, பாஸ், டிரம்ஸ் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு சுமார் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும் அந்தப் பதிவில், ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று வரிகள் எச்சரித்துக்கொண்டே இருக்க, இசை மட்டும் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த எச்சரிக்கையை 1968இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாற்றி, பாடலை நான்கு நிமிடமாக விரித்தார். பின்னாளில் டிலனே மேடையில் ஹென்ட்ரிக்ஸின் போக்கை ஒட்டி அதைப் பாடத் தொடங்கினார்.

பாடலைத் தேர்ந்தபின், மூலப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பதைச் சில நாட்களுக்கு நிறுத்திவைப்பது நல்லது. வரிகளைக் கையால் ஒரு தாளில் எழுதி, எந்த வாத்தியமும் இல்லாமல் பாடிப் பாருங்கள். மூச்சு எங்கே விழுகிறது, எந்தச் சொல்லில் குரல் தானாக அழுந்துகிறது, எந்த வரி பொருளில்லாமல் மெட்டுக்காக மட்டும் நிற்கிறது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒரே ஒரு பியானோ அல்லது கிட்டாரில் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களை) மட்டும் பிடித்துக்கொண்டு பாடுங்கள். அப்போதும் பாடல் நின்றால் அதை வைத்துக்கொள்ளலாம். சரிந்தால் அதன் கவர்ச்சி இசைக்கோப்பிலும் ஒலிப்பதிவிலும் இருந்தது என்று கொண்டு வேறு பாடலுக்குப் போய்விட வேண்டும். டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் குழுவின் ‘மேட் வேர்ல்ட்’ 1982இல் சிந்தசைசரும் துள்ளலான தாளமுமாக வந்தது. மைக்கேல் ஆண்ட்ரூஸும் கேரி ஜூல்ஸும் ஒரு திரைப்படத்துக்காக அதைப் பியானோவோடு மெதுவாக்கியபோது, தாளத்துக்கு அடியில் கிடந்த துயரம் முழுவதும் மேலே வந்தது. 2003 கிறிஸ்துமஸின்போது பிரிட்டனில் அது முதலிடத்தில் இருந்தது.

இனி வருவதுதான் முக்கியமான வேலை. பாடலில் பேசுவது யார், யாரிடம் பேசுகிறார், எந்த வயதில், எந்த நிலையில் நின்று பேசுகிறார் என்பதை உங்கள் பதிவுக்கு ஒரு வாக்கியம், மூலத்துக்கு ஒரு வாக்கியம் என்று எழுதிப் பாருங்கள். இரண்டு வாக்கியங்களும் ஒன்றாகவே இருந்தால், எவ்வளவு நன்றாகப் பாடினாலும் விளைவது நல்ல நகல்தான்.

‘ரெஸ்பெக்ட்’ இதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. ஓட்டிஸ் ரெட்டிங் 1965இல் பாடியபோது அது, உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆண் தன் மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு. 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அரீதா ஃபிராங்க்ளின் அதைப் பாடியபோது, பேசுபவர் பெண்ணாகிவிட்டார். கெஞ்சல் இருந்த இடத்தில் நிபந்தனை வந்து உட்கார்ந்தது. பல வரிகளில் அவர் செய்த மாற்றம் சிறியது. ஆனால் தலைப்புச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பாடும் பகுதியும், பின்னணியில் அவருடைய சகோதரிகள் விரைவாக அடுக்கிச் சொல்லும் குறுஞ்சொற்றொடரும் மூலத்தில் கிடையாது. மூலத்தில் இல்லாத இடையிசையையும் சேர்த்தார்கள். வேறொரு சோல் (கறுப்பின அமெரிக்கரின் உணர்ச்சிமிகு இசைவகை) பாடலின் கார்டுகளை எடுத்துக்கொண்டு அவற்றின் மேல் கிங் கர்ட்டிஸ் சாக்ஸஃபோன் வாசித்தார். இன்று அந்தப் பாட்டைக் கேட்கும் பலருக்கு அதற்கு முன் ஒரு பதிவு இருந்தது என்பதே தெரியாது.

வரிகளை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவுக்காக டிரென்ட் ரெஸ்னர் எழுதிய ‘ஹர்ட்’ 1994இல் வந்தபோது இளைஞன் ஒருவனின் தன்னழிவாக ஒலித்தது. எழுபது வயதில், நோயுற்ற குரலில் ஜானி கேஷ் 2002இல் பாடியபோது அவர் மாற்றியது ஒரு கொச்சைச் சொல்லை மட்டுமே. ஆயினும் முழு வாழ்க்கையையும் திரும்பிப் பார்க்கும் கணக்காக அது மாறிவிட்டது. அந்தப் பாட்டு இனித் தன்னுடையதல்ல என்ற பொருள்படவே ரெஸ்னர் பிற்பாடு பேசினார்.

பேசுபவரை மாற்றினால் எப்போதும் நன்மைதான் என்றும் எண்ணிவிடக் கூடாது. ‘ஹவுண்ட் டாக்’ பாடலைப் பிக் மாமா தார்ன்டன் 1952இல் பதிவுசெய்தபோது, உதவாக்கரை ஆணொருவனை வாசலுக்கு வெளியே தள்ளும் பெண்ணின் குரல் அதில் இருந்தது. 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடிய வடிவத்தில் வரிகள் மாறி, ஏறத்தாழ உண்மையான ஒரு நாயைத் திட்டுவதுபோல் ஆயிற்று. விற்பனையில் எல்விஸ் எங்கோ போய்விட்டார் என்பது உண்மை. பாட்டில் தார்ன்டனை அவர் தாண்டவில்லை என்பது என் கருத்து.

பேசுபவர் யார் என்று முடிவானபின், தாளமும் வேகமும் சுருதியும் அந்த முடிவிலிருந்தே வர வேண்டும். மெட்ரோனோமில் (தாள வேகத்தை எண்ணிக்காட்டும் கருவி) மூலத்தின் வேகத்தைக் கண்டுபிடித்து, அதை மூன்றில் ஒரு பங்கு குறைத்து ஒரு சரணமும் பல்லவியும் பாடிப் பதிவுசெய்யுங்கள். அதே அளவு கூட்டியும் ஒரு முறை பதிவுசெய்யுங்கள். மெதுவாகப் பாடும்போது பலவீனமான வரிகள் அப்பட்டமாக வெளிப்படும் என்பதால், இந்தச் சோதனை பாடல் தேர்வையும் மறுபடி பரிசோதித்துவிடும். தாளக்கட்டையே மாற்றுவது இதைவிடத் துணிச்சலான வழி. பீட்டில்ஸ் குழுவில் ரிங்கோ ஸ்டார் 1967இல் நான்கு எண்ணிக்கையில் இலேசாகப் பாடிய ‘வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்’ பாடலை, ஜோ காக்கர் 1968இல் ஆறு எண்ணிக்கை கொண்ட ஆறெட்டுத் தாளத்தில் மெதுவாக்கி, ஆர்கனும் பெண்களின் கோரஸும் சேர்த்துப் பாடினார். நண்பர்களிடம் விளையாட்டாகச் சொன்னது வேண்டுதலாகிவிட்டது. சுருதியை மூலத்திலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். பல்லவியின் உச்ச ஸ்வரத்தில் உங்கள் குரல் சற்றே பிரயாசைப்படும் இடம் எதுவோ, அதுவே பொருத்தமான சுருதி; சிரமமே இல்லாத உச்சம் காதில் நிற்பதில்லை.

எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை நிறுத்திவைப்பது என்பதில்தான் தேர்ந்த கவர்கள் வெற்றி பெறுகின்றன. ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாடலை டாலி பார்ட்டன் 1974இல் எளிய விடைபெறலாகப் பாடினார். அதன் கடைசிச் சரணத்தைப் பாடாமல் பேசியே சொன்னார். 1992இல் ஒரு திரைப்படத்துக்காக விட்னி ஹியூஸ்டன் பாடியபோது, அதில் உடன் நடித்த கெவின் காஸ்ட்னரின் யோசனைப்படி முதற்பகுதி முழுவதும் வாத்தியமே இல்லாமல் வைக்கப்பட்டது. பிறகு ஒவ்வொன்றாக வாத்தியங்கள் சேர்ந்து, முடிவை நெருங்கும்போது எல்லாம் ஒரு கணம் நின்று, டிரம்மின் ஒரே ஓர் அடியோடு பல்லவி ஒரு முழுச் சுரம் மேலே ஏறுகிறது. போட்டி மேடைகளில் அந்த உச்சத்தை மட்டும் பாடிக்காட்டுபவர்கள், அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் குரல் தனியே விடப்பட்டது என்பதைக் கவனிப்பதில்லை. உச்சம் எடுபடுவதே அந்தத் தொடக்கத்தால்தான்.

வரிகளைக் குறைக்கும் பாடத்துக்கு ‘ஹல்லேலூயா’வைக் கேளுங்கள். லெனர்ட் கோஹன் 1984இல் வெளியிட்டபோது அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. பாடகர் ஜான் கேல் கோஹனிடம் வரிகளைக் கேட்க, பதினைந்து பக்கங்கள் ஃபேக்ஸில் வந்தன. அவற்றிலிருந்து சிலவற்றை மட்டும் பொறுக்கி 1991இல் பியானோவோடு பாடினார் கேல். 1994இல் ஜெஃப் பக்லி பின்பற்றியது கேலின் வடிவத்தை. அதாவது உலகம் பெரிதும் அறிந்த அந்தப் பதிவு ஒரு கவரின் கவர்.

பதிவு முடிந்ததும் இருவரிடம் கேட்கக் கொடுங்கள்: மூலத்தை மனப்பாடமாக அறிந்த ஒருவர், அதைக் கேட்டே இராத ஒருவர். முதலாமவர் உங்கள் பாடலின் நடுவில் மூலத்தை முணுமுணுக்கத் தொடங்கினால் இசைக்கோப்பை இன்னும் மாற்ற வேண்டியிருக்கிறது. இரண்டாமவரிடம் நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல், பாட்டில் பேசுவது யார், எதற்காக என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் பதில் நீங்கள் எழுதிவைத்த வாக்கியத்துக்கு அருகில் வர வேண்டும்.

வெளியிடும்போது உரிமையை மறக்கக் கூடாது. பாடலின் மெட்டு, வரிகள் மீதான உரிமையும் பழைய ஒலிப்பதிவின் மீதான உரிமையும் வெவ்வேறு. கவர் பாடுபவருக்கு முதலாவதற்கான உரிமம் வேண்டும், பழைய பதிவிலிருந்து ஒரு துணுக்கை எடுத்தால் இரண்டாவதும் வேண்டும். அமெரிக்கச் சட்டம் கட்டாய உரிமத்தின்கீழ் (உரிமையாளரின் தனி அனுமதி இல்லாமலே, சட்டப்படியான கட்டணம் செலுத்திப் பெறுவது) பாடலை உங்கள் பாணிக்கேற்ப அமைத்துக்கொள்ள அனுமதிக்கிறது, ஆனால் அடிப்படை மெட்டையும் பாடலின் இயல்பையும் மாற்றுவதை அனுமதிப்பதில்லை. பிற நாடுகளின் சட்டங்கள் வேறுபடுவதால், நீங்கள் வெளியிடும் நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரிகளை மாற்றுவதற்கும் மொழிபெயர்ப்பதற்கும் உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். காணொளியாக வெளியிடுவதற்கான அனுமதி ஒலிக்கான உரிமத்தில் அடங்காது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களை விவரப் பகுதியில் முழுமையாகக் கொடுங்கள். ஆள் சேர்ப்பதற்காக மூலக் கலைஞரின் பெயரைத் தலைப்பில் நுழைக்காதீர்கள்.