ரூபி சாக்கெட்டில் பெரிய கோப்பு முழுதாக வராதபோது

ரூபி நிரல்மொழியில் சாக்கெட் (இரு நிரல்களை நெட்வொர்க் வழியாக இணைக்கும் முனை) மூலம் கோப்பு அனுப்பும்போது, சிறிய கோப்புகள் சிக்கலின்றிப் போய்ச் சேர்ந்து, பல நூறு மெகாபைட் கோப்பு மட்டும் மறுமுனையில் குறைவாக வந்தாலோ, இரு பக்கமும் அசையாமல் நின்றுவிட்டாலோ, நெட்வொர்க்கைச் சந்தேகிக்கும் முன் பெறும் பக்கத்து நிரலைப் பாருங்கள். முதல் வேலையாக, இரு கணினிகளிலும் கோப்பின் அளவை பைட் கணக்கிலும், ஷா-256 ஹேஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறியீடு) ஒப்பிட வேண்டும். எது மாறுகிறது என்பதே பிழை இருக்கும் இடத்தைக் காட்டிவிடும்.

அளவு குறைந்தால், பெரும்பாலும் சாக்கெட்டிலிருந்து தரவைப் படிக்கும் ‘ரெக்வ்’ அல்லது ‘ரீட்பார்ஷியல்’ அழைப்பில்தான் கோளாறு இருக்கும். இந்தச் சாக்கெட்டுகள் பயன்படுத்தும் டிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறையில் தரவு பைட்டுகளின் இடைவிடாத ஓட்டமாகவே செல்லும். அனுப்புபவர் ஒரே அழைப்பில் 65,536 பைட் எழுதினாலும் அவை பெறுபவருக்குப் பல துண்டுகளாக வரலாம். இந்த முறைகளுக்குக் கொடுக்கும் எண் உச்சவரம்பு மட்டுமே, அவ்வளவும் கிடைக்கும் என்ற உறுதி அன்று. ஒரே கணினிக்குள் சோதிக்கும்போது இது கண்ணில் படாமலே போகலாம் என்பதால் வேறு கணினியிலிருந்தும் சோதிப்பது அவசியம்.

நம்பகமான தீர்வு, கோப்புக்கு முன் அதன் நீளத்தை 8 பைட் எண்ணாக அனுப்புவதே. 4 பைட் போதும் என்று விட்டால், 4,294,967,295 பைட்டைத் தாண்டும் கோப்பின் நீளத்தை எண்ணை பைட்டுகளாக மாற்றும் ரூபியின் ‘பேக்’ முறை எந்த எச்சரிக்கையுமின்றி வெட்டிவிடும். பெறும் பக்கம் அந்த 8 பைட்டை ‘ரீட்’ கொண்டு படித்து, மீதியை, தரவைத் துண்டு துண்டாக நகலெடுக்கும் ‘ஐஓ.காப்பி_ஸ்ட்ரீம்’ முறையிடம் நீளத்துடன் ஒப்படைக்கலாம். முழுக் கோப்பும் நினைவகத்தில் ஏறாது. அது திருப்பித் தரும் எண்ணை நீளத்தோடு கட்டாயம் ஒப்பிடுங்கள், ஏனெனில் இணைப்பு இடையில் முறையாக மூடப்பட்டால் பிழை எதுவும் எழாது.

கோப்பின் பெயரையும் அனுப்பினால், அதன் நீளத்தைக் கணக்கிட எழுத்துக்குறிகளை எண்ணும் ‘சைஸ்’ வேண்டாம், பைட்டுகளை எண்ணும் ‘பைட்சைஸ்’ பயன்படுத்துங்கள். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ‘அம்மா’ என்ற பெயருக்கு ‘சைஸ்’ 5 என்று சொல்லும், ஆனால் சாக்கெட்டில் போவது 15 பைட். மிஞ்சும் 10 பைட் கோப்பின் தொடக்கமாக எழுதப்பட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இரு பக்கமும் நின்றுபோனால், எங்கோ நீளம் சொல்லாத ‘ரீட்’ இருக்கிறதா என்று தேடுங்கள். அது மறுமுனை மூடும்வரை காத்திருக்கும். அனுப்பியவரோ பதிலுக்காகக் காத்திருப்பார். நிரலின் அமைப்பை மாற்ற இயலாவிட்டால், அனுப்பி முடித்ததும், எழுதும் வழியை மட்டும் மூடும் ‘க்ளோஸ்_ரைட்’ அழைப்பது போதும். பதில் வரும் வழி திறந்தே இருக்கும்.

அளவில் சிறு வேறுபாடோ, ஹேஷில் மட்டும் வேறுபாடோ தெரிந்து, ஒரு முனை விண்டோஸாக இருந்தால், இரு பக்கமும் கோப்பை பைனரி முறையில் (பைட்டுகளை மாற்றாமல் அப்படியே கையாளும் முறை) திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்; இல்லையேல் வரிமுடிவு பைட்டுகள் மாற்றப்படும். கடைசித் துண்டு வரும் நேரத்தில், மறுமுனை இணைப்பை முறித்ததைச் சொல்லும் ‘ஈகான்ரீசெட்’ பிழை எழுந்தால், அனுப்பும் பக்கம் தனக்கு வந்த தரவைப் படிக்காமலே சாக்கெட்டை மூடுகிறதா என்று சோதியுங்கள். அப்படி மூடினால் இணைப்பு முறிக்கப்பட்டு, வழியில் இருக்கும் பைட்டுகளும் தொலையக்கூடும்.