பாதி லோடுதான், ஆனாலும் ஜெனரேட்டர் டிரிப்: பேஸ் பேலன்ஸ் செய்யும் முறை

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். 25 கேவிஏ (ஜெனரேட்டரின் திறன் அளவு) செட், ஓடுவது மொத்தம் 13 கேவிஏதான். ஆனாலும் தேங்காய் அரைக்கக் கிரைண்டரைப் போட்டதும் பிரேக்கர் விழுகிறது. உடனே பெரிய செட்டுக்கு விலை கேட்காதீர்கள். செட்டிலிருந்து மூன்று பேஸ், அதாவது மின்சாரம் வரும் மூன்று வயர்கள், வெளியே வரும்; லோடு முழுக்க ஒரே பேஸில் தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

1. நேம்பிளேட்டைப் படியுங்கள். 25 கேவிஏ, 415 வோல்ட் என்றால் ஒரு பேஸுக்குச் சுமார் 35 ஆம்பியர் (25,000 ÷ 1.732 ÷ 415). அதுதான் ஒவ்வொரு பேஸின் எல்லை. மற்ற பேஸ் சும்மா கிடந்தாலும் அந்த எல்லை உயராது.

2. லோடு உச்சத்தில் இருக்கும்போது டாங் டெஸ்டரால் (வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் காட்டும் கருவி) அளந்து பாருங்கள். ஒவ்வொரு வயராக மாட்ட வேண்டும். மூன்று பேஸ், நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் பொது வயர்) என நான்கையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும். நியூட்ரலையும் விடாதீர்கள். சிவப்பு பேஸில் 34, மஞ்சளில் 12, நீலத்தில் 8 ஆம்பியர் என்றால் நியூட்ரலில் சுமார் 24 ஆம்பியர் ஓடும்.

3. சராசரி 18. சிவப்பிலிருந்து 8 ஆம்பியர் எடுக்கும் ஒரு ஏசியை நீலத்துக்கும், 7 ஆம்பியர் வரும் சமையலறை சர்க்யூட்டை மஞ்சளுக்கும் மாற்றினால் 19, 19, 16 ஆகும். நியூட்ரல் 3 ஆம்பியராக இறங்கும். மலிவு எல்இடி சீரியல் செட் நிறைய இருந்தால் அவ்வளவு இறங்காது. அவற்றின் ஹார்மோனிக்ஸ் (வடிவம் கெட்ட மின்னோட்ட அலைகள்) நியூட்ரலில் ஒன்றுசேரும்.

பட்டியல் போட்டு மட்டும் பிரிக்காதீர்கள், நேரத்தையும் பாருங்கள். விடியற்காலையில் கிரைண்டர், முகூர்த்தத்தில் ஏசி, ராத்திரி அலங்கார விளக்கு. ஒரே நேரத்தில் ஓடுபவைதான் வேறு வேறு பேஸில் இருக்க வேண்டும்.

4. செட்டை நிறுத்தி, ஈபி பக்கமும் ஆஃப் செய்து, டெஸ்டரால் சரிபார்த்த பிறகே வயரைத் தொட வேண்டும். லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்யட்டும். மாற்றுவது எம்சிபிக்கு (ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள சிறு பிரேக்கர்) போகும் சிங்கிள் பேஸ் வயரை மட்டும். மெயின் வயர் இரண்டை இடம் மாற்றினால் த்ரீ பேஸ் போர்வெல் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். பேஸுக்கு ஒரு ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் பிரேக்கர்) இருந்தால், மாற்றும் சர்க்யூட்டின் நியூட்ரலையும் புதிய ஆர்சிசிபிக்குக் கொண்டுபோக வேண்டும். மறந்தால் உடனே டிரிப்.

5. நியூட்ரல் லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக இணைப்பு) இறுக்குங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடித்துவிடும். சுரண்டிச் சுத்தம் செய்து புதிய லக் போடுவதே நல்லது. லோடு சமமில்லாத செட்டில் நியூட்ரல் விட்டுப்போனால், லோடு குறைந்த பேஸில் வோல்டேஜ் 300-ஐத் தாண்டலாம். டிவியும் பிரிட்ஜும் அப்படித்தான் போகின்றன. நியூட்ரலில் ஒருபோதும் பியூஸ் போடாதீர்கள்.

6. மறுபடி லோடு கொடுத்து, மூன்று பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். மூன்றும் 240-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஆம்பியரையும் அளந்து, தேதியோடு பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். அடுத்து புது ஏசி மாட்ட வருகிறவர் அதைப் பார்த்து பேஸைத் தேர்ந்தெடுப்பார்.