இழுத்துக்கொண்டு ஓடும் பெரிய நாயை நிதானமாக நடக்கப் பழக்குவது எப்படி?

30 கிலோ எடையுள்ள நாய் ஒன்று பூனையைப் பார்த்துப் பாய்ந்தால், கைப்பலத்தால் அதை நிறுத்திவிடலாம் என்று நம்பவே வேண்டாம். அதற்கு நான்கு கால்கள், மண்ணைப் பிடிக்க நகங்கள், தரைக்கு நெருக்கமான உடம்பு. நமக்கு இரண்டே கால்கள், அதிலும் பல பேர் ரப்பர் செருப்போடு நிற்போம். எங்கள் வீட்டில் இருப்பது ராஜபாளையம். ஆனால் லாப்ரடார், ராட்வீலர், அல்சேஷன் என்று எந்தப் பெரிய நாயை வைத்திருப்பவருக்கும் இங்கே சொல்லும் முறை பொருந்தும். இதற்குப் பலம் தேவையில்லை. பொறுமையும் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும்தான் தேவை.

முதலில், நாய் ஏன் இழுக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். "உங்களைவிடத் தானே பெரியவன் என்று காட்டுகிறது, அடக்கி வையுங்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரர் முதல் நாய் விற்பவர் வரை சொல்வார்கள். அது சரியல்ல. நாயின் இயல்பான நடை நம்முடைய நடையைவிட வேகம். தெருவில் அதை இழுக்கும் வாசனைகள் ஆயிரம். இழுத்தால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர முடிகிறது என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். லீஷ், அதாவது நாயைப் பிடித்து நடத்தும் கயிறு, விறைப்பாக இருக்கும்போது நீங்கள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் இழுத்ததற்கு நீங்கள் கொடுக்கும் கூலி. அந்தக் கூலியை நிறுத்திவிட்டு, லீஷ் தளர்ந்து தொங்கும்போது மட்டும் கூலி கொடுப்பதுதான் இந்தப் பயிற்சி முழுவதும்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் பின்னால் இழுத்தால் நாய் முன்னால் சாயும். விழாமல் இருக்க உடம்பு தானாகவே செய்யும் வேலை அது. அதனால் பதிலுக்கு இழுப்பது நிலைமையை மோசமாக்கத்தான் செய்யும்.

முதல் படி: கையில் என்ன பிடிப்பது

இரும்புச் சங்கிலியை வீட்டில் மாட்டி வையுங்கள், நடைக்கு எடுக்காதீர்கள். அதன் கனத்தில் நாய்க்கும் சரி, உங்களுக்கும் சரி, லீஷ் எப்போது தளர்கிறது என்பதே தெரியாது. கழுத்தை நெரிக்கும் சோக் செயினும், உள்பக்கம் முள் வைத்த பட்டையும் வேண்டாம். இழுக்கும் நாயின் மூச்சுக்குழாயில் அழுத்தம் விழுகிறது. கழுத்துப் பட்டையோடு இழுக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் கூடுகிறது, நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டும் ஹார்னஸோடு இழுக்கும்போது அப்படிக் கூடுவதில்லை என்று 2006-இல் வந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது.

ஹார்னஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதுகில் மட்டும் வளையம் உள்ள ஹார்னஸ் இழுக்கும் நாய்க்கு வசதியானது. அலாஸ்காவில் பனிவண்டி இழுக்கும் நாய்களுக்கும் அப்படித்தான், நெஞ்சில் பட்டை தாங்க, பின்பக்கம் கயிறு கட்டுகிறார்கள். நமக்கு வேண்டியது நெஞ்சுக்கு முன்னால் வளையம் உள்ள ஹார்னஸ். அதில் லீஷை மாட்டினால், நாய் முன்னால் பாயும்போது அதன் உடம்பு பக்கவாட்டில் உங்கள் பக்கமே திரும்பிவிடும். நாய்க்கு வலி இல்லை, இழுக்கும் விசை மட்டும் வீணாகிறது. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முன்னங்கால் இடுக்கில் உரசுகிறதா என்று தினமும் முடியை விலக்கிப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் தங்கினால் அங்கே சீக்கிரம் புண்ணாகிவிடும். நடை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. இவற்றின் தலை ஒடுங்கலானது, கழுத்து அதைவிடப் பெரிதாகக்கூட இருக்கும். பின்னால் நகர்ந்து தலையைக் குனிந்தால் சாதாரணப் பட்டை அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகி அதற்கு மேல் இறுகாத மார்டிங்கேல் பட்டை இவற்றுக்கு ஏற்றது. ஹார்னஸையும் பட்டையையும் ஒரு குட்டி இணைப்புக் கயிற்றால் சேர்த்து மாட்டினால், ஒன்று கழன்றாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும்.

லீஷ் 6 அடி நீளம், நைலான் அல்லது பருத்தி. பட்டனை அழுத்தினால் நீண்டு சுருங்கும் வகை பெரிய நாய்க்கு ஆகாது. வேகம் எடுக்க இடம் கிடைத்துவிடும், கயிறு முடியும் இடத்தில் உங்கள் தோள்தான் அடி வாங்கும். கொக்கியின் ஸ்பிரிங்கை வாரம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கடலோர ஊர்களில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும்.

பிடிக்கும் விதம்: லீஷின் கைப்பிடி வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மீதியை மடித்து உள்ளங்கையில் வைத்து மூடுங்கள். மற்ற கை லீஷின் நடுவில். மணிக்கட்டிலோ விரல்களிலோ சுற்றிக்கொள்ளவே கூடாது. நாய் பாயும்போது விரல் எலும்பு முறிவது இப்படித்தான். காலுக்கு ஷூ போடுங்கள்.

இரண்டாம் படி: கூலியைத் தயார் செய்தல்

தெருவில் உள்ள வாசனைகளோடு போட்டி போட பிஸ்கட் போதாது. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியை நிலக்கடலை அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். அசைவம் சமைக்காத வீடு என்றால் பனீர், வேகவைத்த கேரட். குழம்பில் இருந்து எடுத்த கறித்துண்டு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், உலர்ந்ததும் சேர்த்துத்தான். கொடுக்கும் ட்ரீட்டைச் சாப்பாட்டில் கழித்துவிடுங்கள். பயிற்சியைச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள்.

அப்புறம் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். 'சபாஷ்', 'குட்', எதுவானாலும் சரி. வீட்டில் உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொல்லி உடனே ஒரு துண்டு கொடுங்கள். இதையே சில தடவை செய்தால், சொல்லைக் கேட்டதும் நாய் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கும். இனி நாய் சரியாகச் செய்த அந்த நொடியையே இந்தச் சொல்லால் சுட்டிக்காட்டலாம்.

மூன்றாம் படி: வீட்டுக்குள், மொட்டைமாடியில்

தெருவில் தொடங்காதீர்கள். ஹாலிலோ மொட்டைமாடியிலோ தொடங்குங்கள். மாடி என்றால் கைப்பிடிச் சுவர் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேட்டை இன நாய்கள் நன்றாகத் தாவும், அதனால் லீஷ் கையில் இருக்கட்டும்.

நாயை இடது பக்கம் நிறுத்துங்கள். லீஷ் நடுவில் தொய்ந்து தொங்க வேண்டும். அது உங்களைப் பார்த்ததும் 'சபாஷ்', பிறகு ட்ரீட். ட்ரீட்டை எங்கே கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம்: உங்கள் முழங்காலை ஒட்டி, பேன்ட்டின் பக்கத் தையல் இருக்கும் இடத்தில். கூலி எங்கே கிடைக்கிறதோ அங்கேயே நாய் நிற்கும். முன்னால் கையை நீட்டிக் கொடுத்தால் முன்னால்தான் நடக்கும். ஓர் அடி எடுத்து வைத்து ஒரு துண்டு, பிறகு இரண்டு அடிக்கு ஒன்று, ஐந்து அடிக்கு ஒன்று. ஒரு நேரத்துக்கு 5 நிமிடம் போதும்.

நான்காம் படி: கேட்

இழுப்பு தெருவில் தொடங்குவதில்லை. லீஷை ஆணியில் இருந்து எடுக்கும் சத்தத்திலேயே தொடங்கிவிடுகிறது. அந்தத் துள்ளலோடு வாசலைத் தாண்டிய நாய் தெருமுனை வரை இழுக்கத்தான் செய்யும்.

லீஷை எடுங்கள். குதித்தால் திரும்ப மாட்டிவிட்டுப் போய் உட்காருங்கள். திட்ட வேண்டாம், பேசவே வேண்டாம். நாலு காலும் தரையில் இருந்தால் கொக்கியை மாட்டுங்கள். கேட் தாழ்ப்பாளைத் தொட்டதும் பாய்ந்தால் கையை எடுத்துவிடுங்கள். நின்றால் திறங்கள். திறந்த இடுக்கில் மூக்கை நுழைத்தால் மூடுங்கள், மூக்கு நசுங்காமல் பார்த்துக்கொண்டு. முதல் நாட்களில் கேட்டைத் தாண்டவே நேரம் போய்விடும். போகட்டும். அந்த நேரமும் பயிற்சிதான். இந்தப் படியைப் பல பேர் தாண்டிக் குதித்துவிடுவதால்தான் அடுத்த படி பலிப்பதில்லை.

ஐந்தாம் படி: தெருவில் நிற்பதும் திரும்புவதும்

லீஷ் விறைத்ததும் நின்றுவிடுங்கள். இரண்டு கைகளும் தொப்புளோடு ஒட்டி இருக்கட்டும். இழுக்காதீர்கள், கூப்பிடாதீர்கள். கொஞ்ச நேரம் முன்னால் சாய்ந்தே நிற்கும். பிறகு என்ன ஆயிற்று என்று தலையைத் திருப்பும், அல்லது ஒரு காலைப் பின்னால் வைக்கும். லீஷ் ஒரு சாண் தொய்ந்தாலும் போதும், உடனே 'சபாஷ்' சொல்லி நடையைத் தொடருங்கள். இங்கே நடையே கூலி.

இதில் கெட்டிக்கார நாய்கள் ஒரு வழி கண்டுபிடிக்கும்: இழுப்பது, திரும்பி வருவது, ட்ரீட் வாங்குவது, மறுபடி இழுப்பது. அதனால் இழுத்துவிட்டுத் திரும்பி வந்ததற்கு ட்ரீட் கொடுக்காதீர்கள். உங்கள் பக்கத்திலேயே மூன்று நான்கு அடி நடந்த பிறகு கொடுங்கள். இழுக்காமல் நடந்துகொண்டிருக்கும்போது எதிர்பாராமல் கொடுப்பதுதான் அதிகம் பலன் தரும். நாம் செய்ய மறப்பதும் அதைத்தான், இழுக்காத நாய் நம் கண்ணில் படுவதில்லை.

நின்றும் பலனில்லாத அளவுக்கு இழுத்தால், "வா" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி நடங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம். பக்கத்தில் வந்து சேர்ந்ததும் மறுபடி திரும்பி அதே வழியில் போகலாம்.

மோப்பத்தையும் கூலியாக்குங்கள். விளக்குக் கம்பத்தைப் பார்த்து இழுத்தால் நிற்க வேண்டும். தளர்ந்த லீஷோடு கம்பம் வரை வந்தால் "போ" என்று விட்டுவிடுங்கள், ஆற அமர மோந்து பார்க்கட்டும். சில நாய்களுக்கு இது கோழிக்கறியைவிடப் பெரிது. மோப்பம் பிடிக்க விடாமல் ராணுவ நடை நடத்துவது நாய்க்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அவசரமாகப் போக வேண்டிய நாட்களும் வரும். அன்றைக்கு லீஷை ஹார்னஸின் முதுகு வளையத்தில் மாட்டி, இழுத்தால் இழுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். நெஞ்சு வளையத்தில் மாட்டினால் இழுக்கக் கூடாது என்ற விதி மட்டும் எந்த நாளும் மாறக் கூடாது.

ஆறாம் படி: பூனை, ஆடு, தெருநாய்

பாய்வதற்கு முன் நாய் உங்களுக்குச் சொல்லிவிடுகிறது. மூச்சிரைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடும். காதுகள் முன்னால் வரும். உடம்பின் கனம் முன்னங்கால்களுக்கு மாறும், வால் அசையாமல் நிற்கும். இதெல்லாம் ஓரிரு நொடிதான். வாய் மூடிய அந்த நொடியில் 'சபாஷ்' சொல்லி மூக்குக்கு நேராக ட்ரீட்டைக் காட்டி, வளைந்து விலகிப் போங்கள். ட்ரீட்டைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். தூரத்தைக் கூட்டுங்கள். பூனையைத் தூரத்தில் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் நாய், நாளாவட்டத்தில் கிட்டத்திலும் பார்க்கும்.

தெருநாய்களுக்கு எல்லை உண்டு. எந்த வீட்டு வாசலில் எந்தக் கூட்டம் படுத்திருக்கும் என்று பார்த்து வழியை அமைத்துக்கொள்ளுங்கள். எதிரே வந்தால் ஓடாதீர்கள், கல்லை எடுக்காதீர்கள். உங்கள் நாயை மறுபக்கம் வைத்துக்கொண்டு, ஒரு கைப்பிடி ட்ரீட்டை அவற்றின் பக்கம் வீசிவிட்டு நிதானமாக விலகுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்க வேண்டும். உங்களுக்குக் கடி பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

எல்லாவற்றையும் மீறிப் பாய்ந்துவிட்டால்: பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி, உடம்பைத் தாழ்த்துங்கள். கைகள் வயிற்றோடு. பக்கத்தில் மரம் இருந்தால் லீஷை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால், விரல்கள் நடுவே மாட்டாதவரை, மரமே பாதிப் பாரத்தைத் தாங்கும். மழைக்காலத்தில் மின்கம்பத்தை இதற்குத் தொடவே வேண்டாம்.

நாய் யாரையாவது தள்ளிவிட்டால் சட்டமும் உங்களைத்தான் கேட்கும். வளர்ப்பு விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நேரமும் ஆட்களும்

சித்திரை, வைகாசியில் விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார்ச் சாலையில் 7 நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. ஓட்டம் தேவைப்படும் நாய்க்கு ஆளில்லாத மைதானத்தில் நீளக் கயிறு கட்டி ஓட விட்ட பிறகு பயிற்சி கொடுத்தால் கவனம் நன்றாக நிற்கும்.

அடுக்குமாடிகளில் நாயைக் கூட்டிப் போக ஆள் வைத்திருப்பார்கள். நீங்கள் காலையில் நின்று நின்று பழக்கியதை, மாலையில் அவர் இழுபட்டுக்கொண்டே போனால் நாய் மறுபடி இழுக்கும். அவரையும் ஒரு நாள் கூட அழைத்துக்கொண்டு போய்ச் செய்துகாட்டுங்கள், ட்ரீட் பையையும் கொடுங்கள். பாட்டியிடமும் பிள்ளைகளிடமும் லீஷைத் தனியாகக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு ஆசையாக இருந்தால் இரண்டாவது லீஷ் ஒன்றை மாட்டி, முக்கியமானதை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாய் பற்களைக் காட்டிப் பாய்கிறது, ஆளைப் பார்த்தே பயந்து இழுக்கிறது என்றால் அது வேறு விஷயம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி வலி ஏதும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, பயிற்சியாளரைத் தேடுங்கள். அவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: நாய் தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? பதிலாக அவர் பையில் இருந்து சோக் செயினை எடுத்தால், நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.