குட்டிகளைத் தின்ற தாய் எலி: என் அனுபவம்

டொராண்டோவில் நான் வளர்க்கும் கார்ன் ஸ்நேக் பாம்புக்கு இரையாக வீட்டிலேயே வெள்ளைச் சுண்டெலிகளைப் பெருக்கத் தொடங்கியபோது, முதல் இரண்டு ஈற்றிலும் தாய் எலி தன் குட்டிகளையே தின்றுவிட்டது. எலியைக் குறை சொன்னேன், தவறு என்னுடையதுதான். சினைக்காலம் ஏறத்தாழ 20 நாட்களே என்பதாலும், ஈன்ற ஒரு நாளுக்குள் பெண் எலி மீண்டும் சினைப்படக்கூடும் என்பதாலும், மூன்றாம் முறை வயிறு உருண்டு தெரிந்தவுடன் ஆண் எலியைத் தனிப்பெட்டிக்கு மாற்றினேன். கூடு கட்ட மெல்லிய வெள்ளைக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். தீவனத்துடன் சிறிது வேகவைத்த முட்டையும் கொடுத்தேன். ஈன்ற பின் ஒரு வாரம், நீரும் தீவனமும் வைப்பதைத் தவிர, பெட்டியைத் தொடவேயில்லை (குட்டிகளை எண்ணிப் பார்க்கும் ஆவலை அடக்குவதுதான் கடினம்). மூன்றாம் ஈற்றில் 9 குட்டிகள் பிழைத்தன. மூத்திர நெடிக்கு மட்டும் வழி தெரியாததால், பெட்டிகள் இப்போது கார் கொட்டகையில் இருக்கின்றன. அது என் மனைவியின் முடிவு.