ஹாஸ்கெலில் இரண்டு டைப் வாங்கும் கிளாஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாஸ்கெல் மொழியில் கிளாஸ் என்பது பல டைப்புகளுக்குப் பொதுவான மெத்தடுகளின் பட்டியல்; குறிப்பிட்ட டைப்புக்கு அவற்றை எழுதித் தருவது இன்ஸ்டன்ஸ். எக்ஸ்டென்ஷன் (மொழியின் கூடுதல் வசதியை இயக்கும் குறிப்பு) போட மறப்பதையெல்லாம் கம்பைலரே சொல்லிவிடும். ஜிஹெச்சி கம்பைலரின் ஜிஹெச்சி2021 தொகுப்பில், ஒன்றுக்கு மேல் டைப் வாங்கும் கிளாஸை அனுமதிக்கும் மல்டிபாராம்டைப்கிளாசஸ் தானாகவே வந்துவிடுகிறது. புதிதாக எழுத வருபவர்களின் கோடில் திரும்பத் திரும்பப் பார்ப்பவை வேறு.

உறவைச் சொல்லாமல் விடுவது

கண்டெய்னர் என்று ஒரு கிளாஸ். முதல் டைப் லிஸ்ட் மாதிரி ஏதோ ஒன்று, இரண்டாவது அதற்குள் போகும் எலிமென்ட். மெத்தடுகள் இன்செர்ட், எம்ப்டி. எம்ப்டியின் டைப்பில் எலிமென்ட் எங்குமே வராததால், எந்த எலிமென்ட் என்று புரியாமல் கம்பைலர் அங்கேயே நிறுத்துகிறது. கூடவே, அலவ்ஆம்பிகுவஸ்டைப்ஸ் போட்டால் இந்தச் சோதனையைப் பயன்படுத்தும் இடத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று ஒரு யோசனையும் சொல்கிறது. எல்லோரும் அதை அப்படியே ஃபைலின் தலையில் ஒட்டிவிடுகிறார்கள். எரிச்சலே அங்கேதான். தள்ளிவைத்தால் தீர்ந்துவிட்டதா என்ன?

டீமுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி இப்படித்தான் ஒட்டியிருந்தான். எம்ப்டி வரும் இடமெல்லாம் டைப் அப்ளிகேஷன், அதாவது எந்த டைப் என்று கையால் எழுதிக் கொடுப்பது. "இது இன்ட் லிஸ்ட்னு அதுக்குத் தெரியும்தானே, அப்புறம் 5ஐ இன்செர்ட் பண்ணா ஏண்ணா எரர் வருது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இன்ட் லிஸ்டுக்குள் இன்ட்தான் போகும் என்பது நமக்குத் தெரியும், கம்பைலரிடம் யாரும் சொல்லவில்லையே. நாளைக்கே இன்ட் லிஸ்டுக்கும் கேர் என்ற எழுத்து டைப்புக்கும் யாராவது ஒரு இன்ஸ்டன்ஸ் எழுதலாம். வெறும் 5ஐ இன்டிஜர் என்று எடுத்துக்கொள்ளும் டீஃபால்ட் விதியும், இரண்டு டைப் வாங்கும் கிளாஸ் குறுக்கே வந்தால் ஒதுங்கிக்கொள்ளும்.

கிளாஸ் தலைப்பில் ஒரு செங்குத்துக் கோடு, கண்டெய்னரிலிருந்து எலிமென்டுக்கு ஒரு அம்புக்குறி. வேண்டியது அவ்வளவுதான். மார்க் ஜோன்ஸ் 2000இல் முன்வைத்த ஃபங்ஷனல் டிபென்டென்சி இது. எம்டிஎல் என்ற லைப்ரரியின் மோனட்ஸ்டேட் கிளாஸிலும் இதே அம்புதான்: மோனட் தெரிந்தால் ஸ்டேட் தெரிந்துவிடும். அம்பு வந்ததும் 5 பேசாமல் உள்ளே போனது, டைப் அப்ளிகேஷன்களை அழித்தோம். எலிமென்டை அசோசியேட்டட் டைப்பாகவும், அதாவது கிளாஸுக்குள்ளேயே அறிவிக்கும் டைப்பாகவும் எழுதலாம், படிக்க எனக்கு அதுதான் சுலபம்.

அம்பு தேவையில்லாத இடத்தில் அம்பு

ஒரு டைப்பை இன்னொன்றாக மாற்றும் கன்வெர்ட் என்ற கிளாஸில் முதல் டைப்பிலிருந்து இரண்டாவதுக்கு அம்பு போட்டால், இன்டிலிருந்து ஸ்ட்ரிங்குக்கு ஒரு இன்ஸ்டன்ஸ் எழுதிய பிறகு டெக்ஸ்டுக்கு எழுத விடாது.

அன்டிசைடபிள்இன்ஸ்டன்சஸ் பார்த்துப் பயப்படுவது

இன்ஸ்டன்ஸ் தேடல் முடியும் என்ற உத்தரவாதத்துக்கான விதிகளைத் தளர்த்தும் எக்ஸ்டென்ஷன் இது. பெயர்தான் பயங்கரம். எம்டிஎல்லே அதைப் பயன்படுத்துகிறது. மிஞ்சிப்போனால் டைப் செக்கர் சுற்றிச் சுற்றி வரம்பைத் தொட்டு நிற்கும்.

இன்கோஹெரன்ட்இன்ஸ்டன்சஸ்

பொருந்தும் இன்ஸ்டன்ஸ்கள் பல இருந்தாலும் கம்பைலர் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ள விடும் எக்ஸ்டென்ஷன். வேண்டாம்.

ஒரே ஒரு இன்ஸ்டன்ஸுக்காக ஒரு கிளாஸ்

சாதாரண ஃபங்ஷன் போதும்.