டேண்டலைஸ்: ‘ஆசை காட்டு’ என்று எழுதிவிடாதீர்கள்

மன்னார்குடியில் எங்கள் மொழிபெயர்ப்புக் கடைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் இருவரும் போன வாரம் ‘டேண்டலைஸ்’ (tantalize) என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு ‘ஆசை காட்டு’ என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு. எழுத்துப்பிழையைக் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுக்கும். இதைக் காட்டாது.

டெம்ப்ட் என்று நினைப்பது

அப்போது கடைமடை விவசாயிகள் சிலர் ஒரு மனுவை இங்கிலீஷில் மாற்றித் தரச் சொன்னார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாரக்கணக்கு ஆகியிருந்தது. “வாய்க்கால்ல தண்ணி போவுது தம்பி, மடை ஏற மாட்டேங்குது. கண்ணுல காட்டிக் காட்டியே ஏங்க வைக்கிது” என்றார் பெரியவர். நான் அதற்கு டெம்ப்ட் (tempt, ஆசை காட்டித் தூண்டு) போட்டேன். மனுவைப் படித்த அதிகாரி, “தண்ணி உங்களை என்ன தப்புக்குத் தூண்டுச்சு?” என்று கேட்டுச் சிரித்திருக்கிறார். பத்து நகலையும் என் செலவில் திரும்ப டைப் அடித்தேன். காசு போனதைவிட அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

டெம்ப்ட் லத்தீன் வழி வந்தது. தொட்டுப் பார்ப்பது, சோதிப்பது என்பது பழைய பொருள். கிறிஸ்தவர்கள் ஜெபத்தில் சொல்லும் ‘சோதனை’ அதுதான். அங்கே கை நீட்டினால் பொருள் கிடைக்கும், நீட்டலாமா என்பதுதான் கேள்வி. டேண்டலைஸில் நீட்டியும் கிடைக்காது.

கிரேக்கக் கதையில் டாண்டலஸ் என்ற அரசனுக்குப் பாதாளத்தில் தண்டனை. மோவாய் வரை தண்ணீர். குடிக்கக் குனிந்தால் வற்றி, காலடியில் கறுப்பு மண் தெரியும். தலைக்கு மேல் மாதுளையும் அத்தியும். கையை உயர்த்தினால் காற்று கிளையைத் தூக்கிப் போய்விடும். அவன் பெயரிலிருந்து வந்ததுதான் டேண்டலைஸ். மடை ஏறாத வாய்க்காலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இங்கிலீஷில் கிடையாது. அது தெரியாமல் போனதே எனக்கு!

‘கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலை’

கிட்டத்தட்ட சரி. ஆனால் பழமொழியில் பொருள் ஒரு தடவை கைக்கு வந்து நழுவுகிறது. டாண்டலஸுக்குக் கைக்கே வராது, ஆட்டமும் முடியாது. ‘கண்ணில் காட்டி ஏங்க வை’ என்று நான் எழுதுவேன்.

பலகார விளம்பரத்தில் வந்தால்

‘நாக்கில் எச்சில் ஊற வைக்கும்’ போதும். பாதாளம் வரை போக வேண்டாம்.

டாண்டலம் வேறு ஏதோ என்பது

இல்லை, அதே அரசன்தான். 1802-ல் சுவீடன்காரர் எக்கெபெர்க் கண்டுபிடித்த உலோகம். அமிலத்தில் முக்கினாலும் ஒரு சொட்டுக்கூட ஏற்றுக்கொள்ளாததால் இந்தப் பெயர்.

தமிழ் ‘தண்டல்’ என்பதிலிருந்து வந்ததா?

இல்லை.